அந்த டிரைவரிடம் மாப்பு எழுதி வாங்காதே

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு மீன் கழுவ உட்கார்ந்தேன். கழுவின சாளையையே திரும்பவும் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறேன். உன் அப்பா வந்து, "ஏட்டி, போதும், அதுக்கு உயிரு வந்திரப் போவுது" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன். என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இந்த வீட்டில் இப்படித்தானே, கேட்பதும் பாதி, சொல்வதும் பாதி. போனில் சொல்லிப் பார்த்திருக்கலாம். "சரிம்மா, சரிம்மா" என்று நீ நாலு தடவை சொல்வாய், நானும் வாயை மூடிக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன். கூரியர்காரன் செவ்வாய்க்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறான். புதன்கிழமை விசாரணைக்கு முன்னால் நீ இதை முழுசாகப் படித்தாக வேண்டும்.

உன் ஆபீஸ் ஜீப் டிரைவர், அனுமதி இல்லாமல் வண்டியை எடுத்துப்போய் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றினார் என்று புகார். உன்னை விசாரணை அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். உனக்கு இது முதல் விசாரணை. "பாவம்மா, ரிட்டயர் ஆவப் போற மனுஷன். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்திருங்க, சின்ன தண்டனையோட முடிச்சிருதேன்னு சொல்லிட்டேன்" என்று நீ சொன்னபோது உன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒருத்தருக்கு நல்லது செய்கிற சந்தோஷம். நீ கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் இத்தனை பயந்திருக்க மாட்டேன். என்னிடம் அதே வார்த்தையைச் சொன்னவரும் நல்லவர்தான்.

என் கேஸ் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா நர்ஸாக இருந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட ஒருத்தர் செத்துப்போனார், அம்மாவை டிஸ்மிஸ் செய்தார்கள், மதுரை ஐகோர்ட்டில் போய் வேலையைத் திரும்ப வாங்கினாள், அவ்வளவுதான். போன வருஷம் கிறிஸ்மஸுக்கு வந்தபோது உன் சிநேகிதனிடம், "அம்மா கேஸ் டெக்னிக்கலா ஜெயிச்சதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் அடுக்களையில் நின்று கேட்டேன். டெக்னிக்கலா! வந்த கோபத்துக்குக் கையிலிருந்த அகப்பையோடு வெளியே வந்திருப்பேன். விருந்தாளி முன்னால் வேண்டாம் என்று விட்டேன். அன்றைக்கு விழுங்கினதையும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

அது சுனாமிக்கு அடுத்த வருஷம். காய்ச்சல் சீசன். வார்டில் கட்டிலுக்கு ரெண்டு பேர், தரையிலும் பாய் விரித்துப் படுக்கப்போட்டிருந்தோம். அருமனைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்திருந்தார், ரப்பர் பால் வெட்டுகிறவர். காலில் வெட்டுப்பட்டு புண் பழுத்து வீங்கியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஊசி எழுதினார். அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் முதலில் கையில் துளிபோல் தோலுக்கடியில் போட்டு, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் வரைந்து விடுவோம். தடிப்போ சிவப்போ வருகிறதா என்று பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் முழு மருந்தும் போக வேண்டும். டெஸ்ட் டோஸ் என்போம். நான் போட்டேன். வட்டம் வரைந்தேன். பொறுத்துப் பார்த்தேன். தடிப்பு இல்லை. முழு மருந்தைப் போட்டேன். ஊசியை எடுத்து வைப்பதற்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்தார். டாக்டரும் நானும் செய்யாதது ஒன்றுமில்லை. போய்விட்டார். சில உடம்பு சோதனையில் ஒன்றையும் காட்டாது, முழு மருந்து ஏறும்போதுதான் எதிர்க்கும். அது யார் கையிலும் இல்லை. ஆனால் ஒன்று என் கையில் இருந்தது. டெஸ்ட் டோஸ் போட்டதை உடனே கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். அதற்குள் பக்கத்துக் கட்டில் பையனுக்குக் காய்ச்சலில் வெட்டு வந்து கை கால் இழுக்க, அவனைப் பிடிக்க ஓடினேன். எழுதவில்லை. அந்த ஒரு வரிக்காக என்னைத் திட்டு, சம்பள உயர்வை நிறுத்து, ஏற்றுக்கொள்கிறேன்.

சொந்தக்காரர்கள் திரண்டுவிட்டார்கள். "ஊசி போட்டுக் கொன்னுட்டா" என்று வராந்தா முழுக்கச் சத்தம். ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. என்னை மருந்து அறைக்குள் விட்டு வெளியே பூட்டினார்கள், என் நல்லதுக்குத்தான். பிறகு ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் உள்ளே வந்தார். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. "சிஸ்டர், ஒரு வெள்ளப் பேப்பர்ல மன்னிப்பு எழுதிக் குடுங்க. அத காட்டுனா ஆளுவ அடங்கிருவாங்க. ஒண்ணும் வராது, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நீ டிரைவரிடம் சொன்னாயே, அதே வார்த்தை, அதே நல்ல மனசு.

நான் ஏன் எழுதினேன்? நீ பள்ளிக்கூடத்தில் எவனோ 'விஷ ஊசி' என்று கூப்பிட்டான் என்று சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து, பையை எறிந்துவிட்டு அதைத்தான் என்னிடம் கேட்டாய். "எதுக்கும்மா எழுதிக் குடுத்த?" அன்றைக்குப் பதிலுக்குச் சோறு போட்டேன். இப்போது சொல்கிறேன்.

என் அப்பாவுக்குக் கடியப்பட்டணத்தில் ஒரு வள்ளம் இருந்தது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு ஆனி மாசம் அலை வாயிலேயே அந்த வள்ளம் கவிழ்ந்தது. கூட வேலை செய்த ஒரு ஆள் போய்விட்டார். கடல் செய்தது, அப்பா என்ன செய்வார்? ஆனாலும் மறுநாள் காலையில் அப்பா அந்த வீட்டுக்குப் போனார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன். "மாப்பு தரணும். கூட கொண்டு போனவன் நான், கூட கொண்டு வரல்ல" என்று மன்னிப்பு கேட்டார். செத்தவரின் அம்மா அழுதுகொண்டே, "கேறி வா மக்கா" என்று உள்ளே கூப்பிட்டாள். நம் கடப்புறத்தில் அதுதான் வழக்கம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பக்கத்தில் நின்றவன் மாப்பு கேட்பான். தப்பு செய்தான் என்பதற்காக இல்லை, உன் துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்வதற்காக. யாரும் அப்பாவைக் கொலைகாரன் என்று சொல்லவில்லை. செத்தவரின் தம்பியே பிறகு அதே வள்ளத்தில் ஏறினார். பங்குச் சாமியார் முன்னால், ஊர்க் கமிட்டி முன்னால், எந்தச் சண்டையும் எங்கள் ஊரில் அப்படித்தான் தீரும். யார் முதலில் மாப்பு கேட்கிறானோ அவன்தான் பெரிய மனுஷன்.

மருந்து அறைக்குள் நின்றபோது அந்தச் செத்தவரின் மனைவி அழுகிற சத்தம் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கேஸ் ஷீட் ஞாபகம் இல்லை, சட்டம் ஞாபகம் இல்லை. என் அப்பா வாசலில் நின்றதுதான் ஞாபகம் வந்தது. அவள் முன்னால் போய் நிற்கத்தான் ஆசைப்பட்டேன், விடவில்லை. அதற்குப் பதில் பேப்பரை நீட்டினார்கள். எழுதினேன். 'என் கையால் இப்படி நடந்துவிட்டது. எனக்கு மிகுந்த வருத்தம். என்னை மன்னிக்கவும்.' அவளுக்கு எழுதினதாகத்தான் நினைத்தேன். மேலே 'அனுப்புநர், பெறுநர்' போடச் சொன்னார் ஆபீஸ் கிளார்க். போட்டேன். இத்தனை படித்த நர்ஸுக்கு அந்த நேரத்தில் புத்தி போன இடம் தெரியவில்லை.

அடுத்த மாசமே தலைமை டாக்டருக்கு மாற்றல் வந்தது. 'நான் பாத்துக்கிடுதேன்' என்ற வார்த்தை அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது. பேப்பர் மட்டும் ஃபைலில் கிடந்தது. புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது, வார்டைத் தெரியாது, அந்தப் பேப்பரைத்தான் தெரியும். சஸ்பென்ஷன். பிறகு சார்ஜ் மெமோ. டெஸ்ட் டோஸ் போடாமல் ஊசி போட்டு உயிரிழப்பு ஏற்படுத்தியது என்று குற்றச்சாட்டு. நான் போட்டேன் என்று பதில் எழுதினேன். 'தாங்கள் ஏற்கெனவே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால் விசாரணை தேவையில்லை' என்று வந்தது. அதன் பின்னாலேயே டிஸ்மிஸ் ஆர்டர். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, ஒருத்தரும் என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பீல் போட்டேன், அதுவும் தள்ளுபடி. நீ இதைக் கவனி மக்கா. நீயும் மாற்றலாகிப் போவாய். உன் நல்ல மனசும் உன்னோடு போகும். அவர் எழுதிக் கொடுத்தது போகாது. உனக்கு அடுத்து வருகிறவன், இல்லையென்றால் உனக்கு மேலே இருக்கிறவன், "குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான், சின்ன தண்டனை எதற்கு?" என்று ஒரு வரி எழுதினால் அந்த மனுஷனின் பென்ஷன் என்ன ஆகும்?

அந்த வருஷங்களைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் காரணம் தெரியாது. நான் திருவனந்தபுரத்தில் வீடுகளில் போய் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதும், உன்னை மாமி வீட்டில் விட்டதும், நீ என்னோடு பேசாமல் இருந்ததும். உன் அப்பா மஸ்கட்டிலிருந்து போனில், "விட்டுத் தள்ளு, நான் சம்பாதிக்கேன்லா, நீ வீட்ல இரி" என்றார். என்மேல் பிரியத்தில் சொன்னதுதான். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. வேலை போனதற்கா நான் அழுதேன்? நான் ஒருத்தரைக் கொன்றவள் என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது, அதை என் கையெழுத்தைக் காட்டியே சொல்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மதுரையில் ஐகோர்ட் கிளை அப்போதுதான் வந்திருந்தது. இல்லாவிட்டால் சென்னைக்கு அலைய எனக்கு ஏது தெம்பு? அங்கே ஒரு வக்கீல் அம்மா என் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏம்மா இத எழுதுனீங்க?" என்றார். வள்ளம் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க ஊர் வழக்கம் சர்வீஸ் ரூல்ஸ்ல இல்லையேம்மா" என்றார். ஆனால் ஃபைலை மூடவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து எத்தனை விடியற்காலை புறப்பட்டிருப்பேனோ. போய்ச் சேர்ந்தால் வாய்தா. கடைசியில் ஒருநாள் ஜட்ஜ் அந்தப் பேப்பரை எடுத்துப் படித்தார். அரசாங்க வக்கீலைப் பார்த்து, "வருத்தம்னு எழுதியிருக்காங்க, மன்னிக்கவும்னு எழுதியிருக்காங்க. டெஸ்ட் டோஸ் போடலன்னு எங்க எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். அந்த வக்கீல் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டினார். டிஸ்மிஸ் ரத்தானது.

நான் வெளியே வந்து வக்கீல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "இனிமேதாம்மா இருக்கு. முறைப்படி விசாரணை நடத்தச் சொல்லியிருக்காங்க. குற்றம் நிரூபணமானா மறுபடியும் டிஸ்மிஸ்தான்" என்றார். நீ டெக்னிக்கலா ஜெயித்தது என்று சொன்னாயே, அது இந்த இடம் வரைக்கும்தான். அப்போது நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். 'கேஸ் முடிஞ்சாச்சா? சூப்பர்மா' என்று மெசேஜ் அனுப்பினாய். முடியவில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

விசாரணைக்கு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். முதல் நாள் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்றார். அந்தப் பழைய கடிதம் ஃபைலில் மேலாகவே இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார். "சிஸ்டர், நீங்க டெஸ்ட் டோஸ் போட்டீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார் மக்கா. தேம்பித் தேம்பி அழுதேன். அவர் பதறிப்போய் வெளியே யாரையோ கூப்பிட்டார். "போட்டேன் சார்" என்று சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் போட்டேன் என்று நான் சொன்னால் போதுமா? எழுதி வைக்கவில்லையே. நான் டெஸ்ட் டோஸ் போட்ட நேரம் டாக்டர் அடுத்த வார்டில். பக்கத்துக் கட்டில் ஆட்கள் எங்கே போனார்களோ. மீதி இருந்த ஒரே சாட்சி, அன்றைக்குக் கட்டிலருகே நின்றிருந்த செத்தவரின் மனைவி. புகார் கொடுத்தவளே அவள்தான், அரசாங்கத் தரப்புச் சாட்சி. வக்கீல் அம்மா போனில் திரும்பத் திரும்ப எச்சரித்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நீங்க ஒரு கேள்வியும் கேட்காதீங்க. 'நான் ஒண்ணும் பாக்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க கதை முடிஞ்சது." நான் சரி என்றேன்.

அவள் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைவிடச் சின்னவள்தான். அன்றைக்கு வார்டு நெரிசலில் அவள் முகத்தை நான் கவனிக்கவில்லை; கதவு வழியாகக் கேட்ட அழுகைக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தேன். ஊசி போட்டதும் செத்துப்போனார் என்று சொன்னாள். அதிகாரி என்னைப் பார்த்து, "ஏதாவது கேட்கணுமா?" என்றார். கேட்காதே என்று வக்கீல் அம்மாவின் குரல் காதில். கேட்காவிட்டால் வேலை தப்பலாம். ஆனால் நான் செய்தேனா இல்லையா என்பது சாகிறவரைக்கும் அப்படியே தொங்கும். எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, "முழு ஊசி போடுறதுக்கு முன்ன நான் அவருக்க கையில ஏதாம் செஞ்சனா?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னதா ஒரு ஊசி குத்தினிய. பேனா வச்சு வட்டம் வரஞ்சிய. நீல வட்டம்" என்றாள். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "சாரே, அவியள குளிப்பிக்கும்போ நான் சோப்பு போட்டுத் தேச்சுப் பாத்தேன். அந்த வட்டம் போவல்ல. அதோடத்தான் பெட்டியில வச்சோம்" என்றாள். அறையில் எழுதிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். அதிகாரி, "இத ஏம்மா இத்தன வருஷமா சொல்லல?" என்று கேட்டார். "எங்கிட்ட ஆரு கேட்டா?" என்றாள் அவள்.

வெளியே வராந்தாவில் அவள் பஸ்ஸுக்கு நேரம் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் போய் அவள் முன்னால் நின்றேன். சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "மாப்பு தரணும்" என்றேன். அன்றைக்குப் பேப்பரில் எழுதினதை முதல் தடவையாக அவளிடமே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு பஸ்ஸில் ஏறிப் போனாள். கேஸ் ஷீட்டில் எழுதாததற்கு எனக்கு ஒரு சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அது நியாயம். மற்றக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று எழுதினார்கள். வேலையில் சேர்ந்தேன்.

மாப்பு நல்ல விஷயம்தான் மக்கா, ஆள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறபோது. ஃபைலுக்குள் போனால் அது வேறொன்றாகிவிடுகிறது. உன் டிரைவர் வண்டியை எடுத்தாரோ எடுக்கவில்லையோ எனக்குத் தெரியாது. யாராவது பெரியவர் எடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோயிருக்கலாம். நிஜமாகவே கல்யாணத்துக்கே போயிருக்கலாம், அப்படியென்றால் அதற்குரிய தண்டனையை எழுது, நான் குறுக்கே வர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ அத்தனை நேரம் பேசினாயே, அவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. நீ கேட்கவே இல்லை என்று தெரிந்துபோனது.

புதன்கிழமை அவரை உட்காரச் சொல். ஏதாவது எழுதிக் கொண்டுவந்திருந்தால் வாங்காதே, மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைக்கச் சொல். அவர் முகத்தைப் பார்த்து, செய்தீர்களா என்று கேள். பதில் வர நேரமானாலும் பொறுத்துக்கொள். எனக்கும் நேரமாயிற்று.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது ஊர் பேர் தெரியாத ஒரு அதிகாரி. தலைமை டாக்டர் கேட்கவில்லை, உன் அப்பா கேட்கவில்லை. நீ, எதுக்கு எழுதிக் குடுத்த என்று கேட்டாய். செஞ்சியா என்று நீ இன்றுவரைக்கும் கேட்கவில்லை மக்கா.

அம்மா